அத்தியாயம் 7: நால்வர் நடக்கும் நூறு கிலோமீட்டர்

நிதி திரட்டும் நடைகளில் பெரும்பாலானவை காலை உணவுக்கு முன்பே முடிந்துவிடும். கடற்கரையில் கூடி, அமைப்பாளர்கள் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு, 5 கிலோமீட்டர் நடந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலையலாம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. இந்த அத்தியாயம் பேசுவது வேறொரு நடையைப் பற்றி: பகலில் தொடங்கி, இரவு முழுக்க நீண்டு, மறுநாளும் தொடரும் நடை. தனியாகப் பதிவு செய்ய முடியாது. நான்கு பேர் சேர்ந்துதான் கிளம்ப வேண்டும், சேர்ந்துதான் முடிக்க வேண்டும்.

இந்த வகைக்கு வடிவம் கொடுத்தது ஹாங்காங்கின் ட்ரெயில்வாக்கர். 1981இல் அங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிக்னல்ஸ் படைப்பிரிவு, தன் வீரர்களுக்கான பயிற்சியாக இதைத் தொடங்கியது. 1986இல் பொதுமக்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாம் ஹாங்காங் கூட்டு அமைப்பாளராகச் சேர்ந்தது. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது படைப்பிரிவு வெளியேற, ஆக்ஸ்ஃபாமே முழுப் பொறுப்பையும் ஏற்றது. பிறகு இதே வடிவம் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் என்று பரவி, பெங்களூருவுக்கும் மும்பைக்கும் வந்தது. நான்கு பேர், 100 கிலோமீட்டர், குறிப்பிட்ட கால வரம்பு என்பதே எல்லா இடத்திலும் அடிப்படை. ஹாங்காங்கில் அந்த வரம்பு 48 மணி நேரம்.

இலங்கையில் வேறொரு வடிவம் உண்டு. 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்ற பெயரில் ஒரு குழு தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாட்களில் நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்கான நிதி அது. 2016இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து, காலி கராப்பிட்டிய புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டினார்கள். நாள்தோறும் நடந்து இரவில் உறங்கும் நடை அது. நூறு கிலோமீட்டர் நடையில் உறக்கமே கிடைக்காது. இரண்டுக்கும் கால் பராமரிப்பும் நிதி திரட்டலும் பொது, மற்றவை வேறு. இங்கே நூறு கிலோமீட்டர் நடையையே எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டுகளுக்கு ஹாங்காங் பாதை.

அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: முக்கியமான முடிவு எதையும் நடையின்போது எடுக்காதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு, அறுபதாவது கிலோமீட்டரில், நான்கு பேரில் யாருக்கும் நிதானமாக யோசிக்கும் திறன் இருக்காது. யார் முன்னால் போவது, எவ்வளவு நேரம் உட்காருவது, ஒருவருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் உடம்பு தெம்பாக இருக்கும்போதே பேசி எழுதிவிட வேண்டும். பாதையில் செய்ய வேண்டியது அதைப் பின்பற்றுவது மட்டும்.

பாதையைப் படித்தல்

ஹாங்காங் நடையின் பெரும்பகுதி மெக்லிஹோஸ் நெடும்பாதையில் நடக்கிறது. 1979இல் திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு அப்போதைய ஆளுநர் மரே மெக்லிஹோஸின் பெயர். கிழக்கே சாய் குங் பகுதியின் பாக் டாம் சுங்கில் தொடங்கி, மேற்கே டுவென் முன்னில் முடியும் 100 கிலோமீட்டர், பத்துப் பிரிவுகள். 500 மீட்டருக்கு ஒரு எண் கல் இருக்கிறது. உதவி கேட்டுத் தொலைபேசும்போது அந்த எண்ணைச் சொன்னால் போதும். எந்த வளைவில் நிற்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நடையின் தொடக்கமும் முடிவும் ஆண்டுக்கேற்பச் சற்று மாறும் என்பதால், பதிவு செய்யும் ஆண்டின் வரைபடத்தையே பயன்படுத்துங்கள்.

பத்துப் பிரிவுகளும் ஒரே மாதிரி இல்லை. முதல் இரண்டு பிரிவுகள் நீர்த்தேக்கக் கரையும் கடற்கரையுமாக அழகானவை. அந்த உற்சாகத்தில்தான் பல குழுக்கள் வேகத்தைக் கொட்டிவிடுகின்றன. நான்காவது பிரிவு மா ஒன் ஷான் மலைத்தோளில் ஏறுகிறது. பகலில் கிளம்பும் பலருக்கு இருட்டும் அங்கேயே வந்துவிடும். ஆறாவது பிரிவுப் பக்கம் குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே பறித்துவிடும். சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வைத்துவிட்டு நடக்க வேண்டும். ஏழாவது பிரிவு 6.2 கிலோமீட்டர்தான். ஆனால் 532 மீட்டர் உயர நீடில் ஹில்லும் 647 மீட்டர் உயர கிராஸி ஹில்லும் அதற்குள் அடக்கம். எட்டாவது பிரிவு ஹாங்காங்கின் உச்சியான தை மோ ஷானை நெருங்குகிறது. உயரம் 957 மீட்டர். கடைசிப் பிரிவு பெரும்பாலும் சமதளம், 15.6 கிலோமீட்டர். சமதளம் என்று கேட்டு மகிழ வேண்டாம். தேய்ந்த கால்களுக்கு ஏற்றத்தைவிட முடிவில்லாத சிமென்ட் பாதை கொடுமையாக இருக்கும்.

நீங்கள் எந்த ஊர் நடையில் பதிவு செய்தாலும் இதேபோல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: ஒவ்வொரு பிரிவின் தூரம், ஏற்றம், தண்ணீர் கிடைக்கும் இடம், வாகனம் வரக்கூடிய சாலை, அங்கே நீங்கள் பகலில் இருப்பீர்களா இரவிலா. நால்வரும் இந்தப் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கு

100 கிலோமீட்டருக்கு 48 மணி நேரம் என்றால், மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இங்கே ஒரு பழைய கணக்கு உதவும். 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

மெக்லிஹோஸ் பாதையின் ஏற்றங்களைக் கூட்டினால் 4,500 மீட்டரைத் தாண்டும். தூரத்துக்கு 20 மணி, ஏற்றத்துக்கு ஏழரை மணி, ஆக இருபத்தேழரை மணி. இது நல்ல தெம்பில், பகலில், நிற்காமல் நடப்பவரின் கணக்கு. இருட்டுக்கும் களைப்புக்கும் கால் பங்கு கூட்டினால் 34 மணியைத் தாண்டும். வழியில் 8 செக்பாயிண்ட்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அரை மணி நின்றால் இன்னும் 4 மணி. மொத்தம் சுமார் 38 மணி நேரம். மிச்சம் 10 மணி நேரம்தான். அதுவே மழைக்கும் சுளுக்குக்கும் வழி தவறியதற்கும் கையிருப்பு.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு செக்பாயிண்ட்டிலும் திட்டமிட்டதைவிட 15 நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால், எட்டில் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தை நடையின் வேகத்தைக் கூட்டி மீட்பது மிகவும் கடினம். நேரம் கரைவது பாதையில் அல்ல, நாற்காலியில். ஓடியே முடிப்பவர்கள் 12 மணி நேரத்துக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

நால்வரைச் சேர்த்தல்

முதலில் வந்து 'நானும் வருகிறேன்' என்று சொன்ன மூவரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அது குழு ஆவதில்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நடை வேகம் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் நடப்பவரும் 4 கிலோமீட்டர் நடப்பவரும் சேர்ந்தால் இருவருக்குமே வேதனை. முன்னவர் அடிக்கொருதரம் நின்று உடம்பு குளிர்ந்து இறுகிப் போவார். பின்னவர் எட்டிப் பிடித்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவதால் அவருக்கு ஓய்வே இருக்காது. இரண்டு, வாரக்கடைசி நேரம் ஒத்துப்போக வேண்டும். சேர்ந்து பயிற்சி எடுக்க முடியாதவர் எவ்வளவு திடமானவராக இருந்தாலும் வேண்டாம். மூன்று, குறிக்கோள் ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்கு 24 மணி நேரத்தில் முடிக்கும் ஆசை, இன்னொருவருக்கு எப்படியாவது முடித்தால் போதும் என்றால், சண்டை பதிவுப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் நடக்கலாம். மருத்துவரைப் பார்த்த பிறகு. அந்த விவரம் மற்ற மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்ன மாத்திரை, பையில் எந்த அறையில் இருக்கிறது என்பது வரை.

வேலைகளைப் பங்கிடுங்கள். ஒருவர் வழி பார்ப்பவர். ஒருவர் கடிகாரம்: செக்பாயிண்ட்டில் நுழைந்ததும் நேரம் குறித்து, கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது குரல் கொடுப்பவர். ஒருவர் மருந்துப் பெட்டி. ஒருவர் சாப்பாடு: மற்றவர்கள் சாப்பிட்டார்களா, குடித்தார்களா என்று கேட்டு நச்சரிப்பவர். நச்சரிப்பது அவர் கடமை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் யாருக்கும் கோபம் வராது. அலுவலகத்திலிருந்து போகும் குழுவில் மேலதிகாரி இருந்தால், பாதையில் அவரும் நாலில் ஒருவர்தான் என்பதை அவர் வாயாலேயே முதல் நாளே சொல்ல வையுங்கள். கடிகாரக்காரர் 'சார், எழுந்திருங்க' என்றால் அவர் எழுந்துதான் ஆக வேண்டும்.

எழுதிக் கையெழுத்திட வேண்டியவை

ஒரு தாளில் இவற்றுக்கான பதிலை எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள்:

1. வேகம்: அந்த நேரத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகமே குழுவின் வேகம். ஏற்றத்தில் அவரே முன்னால் நடப்பார்.
2. இடைவெளி: பகலில் கண்ணுக்கெட்டும் தூரம், இரவில் பேச்சுக் கேட்கும் தூரம்.
3. நிறுத்தம்: செக்பாயிண்ட்டில் எத்தனை நிமிடம்? எங்கே மட்டும் நீண்ட ஓய்வு?
4. வலி: காலில் உரசல் உணர்ந்தவுடன் சொல்ல வேண்டும். சொன்னவுடன் நால்வரும் நிற்க வேண்டும்.
5. விலகல்: எந்த அறிகுறி வந்தால் விவாதமே இல்லாமல் ஒருவரை நிறுத்துவது? முடிவு யாருடையது?
6. மற்றவர்கள்: ஒருவர் விலகினால் மீதிப் பேர் தொடர்வதா?

நான்காவது விதி சின்னதாகத் தெரியும். ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் அடுத்தவரைக் காக்க வைக்கக் கூசுபவர்கள். 'பரவாயில்லை, அடுத்த செக்பாயிண்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அடக்கிக்கொண்டே போவார்கள். மூன்று நிமிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்திரி, இரண்டு மணி நேரம் கழித்துக் குழுவையே நொண்ட வைக்கும். சொல்லாமல் பொறுத்துக்கொள்வதுதான் குழுவுக்குச் செய்யும் தீங்கு என்பதை எழுத்தில் வைத்தால் கூச்சம் குறையும்.

பயிற்சி: பதினாறு வாரங்கள்

வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேர வேக நடை, ஒரு நாள் படிக்கட்டு, வாரக்கடைசியில் நால்வரும் சேர்ந்து ஒரு நெடுநடை. இதுவே எலும்புக்கூடு. நெடுநடையின் தூரம் இப்படி ஏறட்டும்:

முதல் 4 வாரங்கள்: 10இலிருந்து 18 கிலோமீட்டர் வரை.
5 முதல் 8 வாரங்கள்: 20இலிருந்து 28 வரை, பாதையில் மேடு பள்ளம் இருக்க வேண்டும்.
9 முதல் 12 வாரங்கள்: 30இலிருந்து 40 வரை, இதில் இரண்டு நடைகள் இரவில்.
13ஆம் வாரம்: ஒரே ஒரு முறை 50 முதல் 60 கிலோமீட்டர், முழு உடையோடும் முழுப் பையோடும்.
14 முதல் 16 வாரங்கள்: படிப்படியாகக் குறைத்து, கடைசி வாரம் சும்மா உலாவினால் போதும்.

நூறையும் பயிற்சியில் நடந்து பார்க்கத் தேவையில்லை. 60 கிலோமீட்டரைத் தாங்கிய உடம்பு, நல்ல வேகக் கட்டுப்பாட்டோடு 100ஐத் தாங்கும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து ஓய்வு வாரமாக வையுங்கள். சதை பலப்படுவது அந்த ஓய்வில்தான்.

இறக்கத்தை மறக்காதீர்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; ஆனால் மறுநாள் தொடையைக் கட்டிப்போடுவது இறக்கம். மின்தூக்கியில் ஏறிப் படியில் இறங்கினாலும் பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இரவுப் பயிற்சிக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதை வசதியானது: ஒரு சுற்று 14 கிலோமீட்டர், வழி நெடுக விளக்கும் தண்ணீரும் கடைகளும். இரண்டு சுற்று முடித்தால் 28. ஆனால் அது சமதளத் தார்ச்சாலை. மலைக்கு ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களின் சாலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வனப்பகுதிக்குள் போவதானால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளிப் பக்கம் பயிற்சிக்கே போகாதீர்கள்.

கால்தான் முதலீடு

பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் 'செருப்பில்லாமலே நடந்தோம்' என்பார்கள். அந்த நடைக்கு 48 மணி நேரக் கெடு கிடையாது. மலைக் கற்பாதையில் இரவு இறக்கமும் கிடையாது. ஷூ வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள். கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முன்பக்கத்தில் இடித்தால் நகம் கறுத்துக் கழன்றுவிடும். நடைக்குப் புது ஷூ போடுவதைப் போன்ற தவறு வேறில்லை. குறைந்தது 150 கிலோமீட்டராவது அந்த ஜோடியில் பயிற்சி நடந்திருக்க வேண்டும்.

கொப்புளம் வரக் காரணங்கள் மூன்று: ஈரம், சூடு, உரசல். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவரும். செயற்கை நூலிழை அல்லது மெரினோ கம்பளி சாக்ஸ் வாங்கி, 25 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள். மாற்றும்போது காலைத் துடைத்து உலர விட்டு, விரலிடுக்குகளில் வாஸ்லின் தடவுங்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்புக் காம்பு ஆகிய இடங்களிலும் தடவ வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் நாற்பதாவது கிலோமீட்டரில் வருந்துவீர்கள். நகத்தை நான்கைந்து நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

ஓரிடம் சுடுவதுபோல் உணர்ந்தால் அங்கே கொப்புளம் புறப்படுகிறது. உடனே மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். கொப்புளம் எழுந்துவிட்டு, நடக்க முடியாத அளவு வலித்தால், கிருமிநாசினியால் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் அப்படியே மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தாமாகச் செய்யவே கூடாது. முதலுதவிக் குழுவிடம் காட்ட வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் உண்டு. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், உப்பு பிஸ்கட் என்று பழகிய உணவே நல்லது. வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லை அன்றைக்குத்தான் முதன்முதலில் சாப்பிடுகிறீர்கள் என்றால் வயிறு அதற்குப் பதில் சொல்லும். பத்து மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு என்றாலே குமட்டும். அப்போது உப்பும் புளிப்பும்தான் இறங்கும். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். தயிர் சாதத்தை அடுத்த செக்பாயிண்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நீண்ட நேரம் சுமக்காதீர்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைவாகக் குடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் அளவு சரிந்துவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள உணவையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரைத் துல்லியமாகப் பயன்படுத்துங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது நல்லதல்ல.

வலி மாத்திரையில் கவனம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நெடுநேர உழைப்பின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நடையின்போது அவற்றைத் தவிருங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது களைப்பு அல்ல, சதை சிதைவதன் அறிகுறி. அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

இரவு

நடையில் பலர் கைவிடும் நேரம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்டது. உடம்பின் வெப்பம் இயல்பாகவே மிகவும் தாழும் நேரம் அது. மலையில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். தை மோ ஷான் உச்சியில் கடற்கரையைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும், காற்றும் சேரும். வியர்வையில் நனைந்த பனியனோடு அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தால் நடுக்கம் எடுக்கும். உலர்ந்த மேல்சட்டையும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டும் பையின் மேலடுக்கில் இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் முதலில் அதைப் போட வேண்டும், பிறகுதான் டீ.

ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று பேட்டரியோடு. ஒரே விளக்கில் இருவர் நடக்க முடியாது. கண் சொருகினால் செக்பாயிண்ட்டில் 15 முதல் 20 நிமிடம் படுக்கலாம், கடிகாரக்காரர் எழுப்புவார். காபியை மாலையிலேயே குடித்துத் தீர்க்காமல் இரவு இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நின்றுபோவதும் ஓர் அறிகுறி. கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வந்தாலோ, உளறினாலோ, தள்ளாடினாலோ உணவும் ஓய்வும் உடனே தேவை. அரை மணியில் தெளியவில்லை என்றால் விலகல் விதி நடைமுறைக்கு வர வேண்டும்.

துணைக்குழு

நடப்பவர் நால்வர் என்றால், வண்டியோடு பின்தொடரும் இரண்டு மூன்று பேர் வேண்டும். மாற்று சாக்ஸ், சூடான சாப்பாடு, மடக்கு நாற்காலி, பவர் பேங்க் எல்லாம் அவர்களிடம். வண்டி ஓட்டுபவருக்கு மாற்று ஆள் கட்டாயம். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் நால்வரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது. எந்த செக்பாயிண்ட்டில் துணைக்குழுவுக்கு அனுமதி என்பதையும் வாகனக் கட்டுப்பாடுகளையும் விதிப் புத்தகத்தில் பாருங்கள். அவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய கட்டளை ஒன்றுதான்: 'பாவம், இன்னும் கொஞ்சம் உட்காரட்டும்' என்று இரங்காதீர்கள்.

நிதி திரட்டல்

நடையின் நோக்கமே இதுதான். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். பிறகு நால்வரும் தனித்தனிப் பட்டியல் எழுதுங்கள்: உறவு, அலுவலகம், பழைய வகுப்பு நண்பர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரே நபரிடம் நால்வரும் போய் நிற்காமல் இருக்கப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்ற பொதுச் செய்தி பலிப்பதில்லை. ஒருவருக்கென்று எழுதி, எவ்வளவு, எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். 'கிலோமீட்டருக்கு 20 ரூபாய், மொத்தம் 2,000' என்றால் கேட்பவருக்கும் கணக்கு புரியும், நடப்பவருக்கும் பொறுப்பு வரும். பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகட்டும்; உங்கள் சொந்தக் கணக்கு வழியாகச் சுற்ற வேண்டாம். விமானச் சீட்டு, ஷூ, தங்கும் செலவு எல்லாம் உங்கள் கைக்காசு. நன்கொடையில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது. கேட்பவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள். நம்பிக்கை அதில்தான் பிறக்கிறது.

யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மொய் நோட்டுப் போல வரிசையாக எழுதி வையுங்கள். நடை முடிந்த வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் நன்றி, குழுவின் புகைப்படம், மொத்தத் தொகை, ரசீது பற்றிய விவரம் போய்ச் சேர வேண்டும். முடிக்க முடியாமல் போனாலும் அனுப்ப வேண்டும். அவர்கள் கொடுத்தது நோக்கத்துக்கு, உங்கள் பதக்கத்துக்கு அல்ல.

ஒருவர் விலக நேர்ந்தால்

விலகுபவரை ஒருபோதும் பாதை நடுவில் தனியாக விடக் கூடாது. அடுத்த செக்பாயிண்ட் வரையோ சாலை வரையோ மூவரும் கூட நடந்து, அமைப்பாளரிடம் பெயர் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். பதிவு செய்யாமல் வீட்டுக்குப் போய்விட்டால், இரவில் மீட்புக்குழு வெறும் மலையைத் தேடிக்கொண்டிருக்கும். நகர முடியாத நிலை என்றால் அமைப்பாளரின் அவசர எண். கிடைக்காவிட்டால் ஹாங்காங்கில் 999, இந்தியாவில் 112. மீதிப் பேர் தொடரலாமா, குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது நடைக்கு நடை வேறுபடும். உங்கள் நடையின் விதியைப் படித்து, கையெழுத்திட்ட தாளில் அதையும் சேர்த்திருங்கள்.

விலகியவர் தோற்றவர் அல்ல. அவரை அடுத்த செக்பாயிண்ட்டில் துணைக்குழுவோடு டீ ஊற்றிக் கொடுப்பவராகப் பார்க்கும் குழுவே நல்ல குழு.

கிளம்புமுன் ஒரு சோதனை

தலைவிளக்கு, மாற்று பேட்டரி, கைபேசி, பவர் பேங்க், விசில், வரைபடம், அடையாள அட்டை, மருந்துப் பெட்டி, மூன்று ஜோடி சாக்ஸ், ஜாக்கெட், மழையங்கி, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இடம், இரண்டு செக்பாயிண்ட்டுக்கான தின்பண்டம், குப்பைப் பை, கொஞ்சம் ரொக்கம். முடித்த பிறகு நால்வரில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. அடுத்த நாள் விடுப்பு எடுத்துவிடுங்கள். ஓரிரு வாரம் நெடுநடை வேண்டாம்.

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். வருகிற ஞாயிறு நால்வரும் சேர்ந்து 20 கிலோமீட்டர் நடங்கள். அதிகாலை நான்கு மணிக்கு, முந்தைய இரவு சரியாகத் தூங்காமல். திரும்பி வந்து உட்கார்ந்து அந்த ஒப்பந்தத் தாளை எழுதுங்கள். ஆறு கேள்விகளுக்கும் சண்டையில்லாமல் பதில் வந்தால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். வரவில்லை என்றால் இந்த ஆண்டு வேறொரு குழுவுக்குத் துணைக்குழுவாகப் போங்கள். அதிலும் நோக்கம் நிறைவேறும், அடுத்த ஆண்டுக்கான பாடமும் கிடைக்கும்.